இந்தக் கேள்வி வராது

சமையலறைத் தரையில் அவர் குப்புறக் கிடந்தார்.

நெற்றியில் ரத்தம். விழும்போது அடுப்பு மேடையின் விளிம்பில் மோதியிருக்க வேண்டும். மேடை மேல் காபிக் கோப்பை... அடியில் கொஞ்சம் மிச்சம்.

வாசலில் டாக்சி ஹாரன் அடித்தது.

அவள் கதவருகே நின்றாள். தோளில் கைப்பை. கைப்பைக்குள் ஹால் டிக்கெட்.

"என்னங்க..."



கேள்வி: ஒருவர் தரையில் விழுந்து கிடக்கிறார். செவிலியர் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அ) டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும்.

ஆ) உறவினர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இ) மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஈ) நேரமாகிவிட்டது, பரீட்சைக்குக் கிளம்ப வேண்டும்.

நாலாவது விடை புத்தகத்தில் கிடையாது, நான் சேர்த்தது. ஆனால் அது அவள் மனதில் வந்துபோனது நிஜம்.

பையை உதறிவிட்டு மண்டியிட்டாள். மூச்சு இருந்தது. நாடி கன்னாபின்னாவென்று ஓடியது. இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்மணி அகலமாக விரிந்து கிடந்தது. அவரைப் பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வைத்தாள். ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள்.

அப்புறம் ஒரு காரியம் செய்தாள்.

அலமாரியிலிருந்து மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் குப்பியை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் சிறுநீர் பிடித்துக் கொடுக்கச் சொல்வார்களே, அந்தக் குப்பி. கோப்பையில் மிச்சமிருந்த காபியை அதில் ஊற்றி, இறுக்கி மூடி, மடியில் செருகிக்கொண்டாள்.

உங்களுக்குச் சந்தேகம் வருகிறதா? இன்ஸ்பெக்டருக்கும் வந்தது.

---

ஆஸ்பத்திரி வராந்தா. பினாயில் வாசனை.

"என்ன வேலைம்மா பார்க்கறீங்க?"

"முதியோர் இல்லத்துல உதவியாளர், சார்."

"டாக்டரம்மா உங்களை நர்ஸ்னாங்க?"

"படிச்சது நர்ஸுக்கு. லைசென்ஸ் இல்ல. அதனால படுக்கை மாத்தறேன், குளிப்பாட்டி விடறேன். என்னைவிடச் சின்னப் பொண்ணுங்க வந்து ஊசி போட்டுட்டுப் போகுதுங்க."

"லைசென்ஸ் பரீட்சை எழுத வேண்டியதுதானே?"

"மூணு தடவை எழுதினேன்."

"அப்புறம்?"

"மூணு தடவையும் ஃபெயில்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து மூடினார். திருடனிடம் கேட்க அவரிடம் ஆயிரம் கேள்வி உண்டு. ஃபெயிலானவர்களிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இன்னிக்கு நாலாவது தடவை சார். இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா மறுபடியும் நர்ஸ் படிப்பு முதல் வருஷத்துல போய் உக்காரணும்."

"எத்தனை மணிக்கு?"

"மத்தியானம். பக்கத்து ஊர்ல."

கதவு திறந்து டாக்டரம்மா வெளியே வந்தார்.

"பிழைச்சுக்குவார். இவங்க சொன்ன மாதிரிதான் இருக்கு இன்ஸ்பெக்டர். வாய் வறட்சி, கண்மணி விரிஞ்சிருக்கு, தூக்கக் கலக்கம். அலர்ஜி மாத்திரை... அந்தப் பழைய ரகம், சாப்பிட்டா அடிச்சுப் போடுமே, அது. நிறையவே உள்ள போயிருக்கு. அவர் சாப்பிடற பிரஷர் மாத்திரையும் சேர்ந்துக்கிட்டது."

டாக்டரம்மா போய்விட்டார்.

இன்ஸ்பெக்டரின் குரல் மாறியது.

"அவர் எதைச் சாப்பிட்டார்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

அவள் மடியிலிருந்து குப்பியை எடுத்து நீட்டினாள். இன்ஸ்பெக்டர் வாங்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இது... வந்து..."

"காபி சார். அவர் குடிச்சதுல மிச்சம்."

"அதுல மாத்திரையைக் கலந்தது யாரு?"

"அவர்தான். எனக்காகக் கலந்தார். அவர் உள்ள போன நேரத்துல நான் கோப்பையை மாத்தி வெச்சுட்டேன்."

இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க."

---

அவள் சொன்னாள்.

வீட்டுக்காரருக்கு மெடிக்கல் ஷாப்பில் வேலை. தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். வேலை முடிந்து வந்து, கையில் புத்தகத்தோடு உட்கார்ந்து அவளைக் கேள்வி கேட்பார். தப்பாகச் சொன்னால் கோபிக்க மாட்டார். "பரவாயில்ல, இன்னொரு தடவை" என்பார். இப்படி ஒருத்தர் வாய்க்க வேண்டுமே என்று இல்லத்துச் சின்ன நர்சுகள் பெருமூச்சு விடுவார்கள்.

"வீட்டுல எழுதற மாதிரிப் பரீட்சை எல்லாத்துலயும் நான் பாஸ் சார். நிஜப் பரீட்சைல உக்காந்தா மட்டும் நாக்கு ஒட்டிக்கும். கம்ப்யூட்டர் திரையில எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியும். கண்ணு சொருகும். போன தடவை பாதியில தூங்கியே போயிட்டேன். மேற்பார்வைக்கு நின்ன அம்மா தட்டி எழுப்பினாங்க. பயத்துலதான் இப்படி ஆகுதுன்னு நினைச்சேன்."

"பயத்துல யாரும்மா தூங்குவாங்க?"

"அது உங்களுக்குத் தோணுது. எனக்குத் தோணலியே சார்."

போன ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டு முடித்து சோபாவில் உட்கார்ந்து அவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தைப் புரட்டினார். பாதி படித்தார். நிறுத்தினார்.

"இந்தக் கேள்வி வராது. விட்டுடு."

அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

"மூணு வருஷத்துல ஒரு கேள்வியக்கூட அவர் விட்டது கிடையாது சார். அவர் குளிக்கப் போனப்ப எடுத்துப் பார்த்தேன். நோயாளிக்கு வாய் வறட்சி, பார்வை மங்கல், அடக்க முடியாத தூக்கம். அவர் எந்த மருந்தை அதிகம் எடுத்திருக்கக்கூடும்னு கேட்டிருந்தாங்க. படிச்சதும் சரியான விடை தெரிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம்தான் அந்த நோயாளி யாருன்னும் தெரிஞ்சது."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பரீட்சை அன்னிக்கு மட்டும் காபி அவர்தான் போடுவார். மத்த நாள்ல அவருக்கு அடுப்பு பத்த வெக்கக்கூடத் தெரியாது."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"என்னன்னு கேக்கறது? இல்லைன்னு அவர் அழுதா, சந்தேகப்பட்ட பாவம் எனக்கு. ஆமான்னு சொல்லிட்டா..."

அவள் கையிலிருந்த குப்பியைத் திருப்பினாள்.

"இன்னிக்குக் கோப்பையை மாத்தி வெச்சுட்டு, தலை வாரறேன்னு உள்ள போய் உக்காந்தேன் சார். அவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு அரை மணி நேரமா வேண்டிக்கிட்டேன். ஆகலைன்னா அவர் கால்ல விழுந்து எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். ஃபெயிலானாலும் பரவாயில்லைன்னு நிம்மதியாப் போயிருப்பேன். அப்பத்தான் தொப்புன்னு சத்தம் கேட்டது."

---

அவருக்கு முழிப்பு வந்தது. நாக்கு குழறியது. இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். குப்பியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

அழ ஆரம்பித்தார்.

"சத்தியமா உன் நல்லதுக்குத்தான்மா செஞ்சேன்..."

"என்ன நல்லது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"முதல் தடவை பரீட்சைக்குக் கிளம்பறப்ப இவ கை அப்படி நடுங்கிச்சு சார். செருப்புகூட மாட்ட முடியல. பார்க்கச் சகிக்கல. பதட்டம் குறையட்டும்னு ஒரு மாத்திரையைப் பொடி பண்ணிக் காபியில போட்டேன். சொன்னா குடிக்க மாட்டா, அதான் சொல்லல. தூக்கம் வரும்னு எனக்குத் தெரியாது சார். நான் பில் போடறவன், பார்மசிஸ்ட் இல்ல. அந்தப் படிப்பு எனக்கு ஏறல."



அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வருஷம். மூன்று தோல்வி. எல்லாம் ஒரு முட்டாள்தனமான பாசமா? அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் அதற்குள்ளே சின்னதாக ஒரு நிம்மதி. இந்த மனுஷன் கெட்டவன் இல்லை. படுக்கையருகே போய் அவர் கையைப் பிடித்தாள்.

"சொல்லியிருக்கலாமேங்க..."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். பேனாவை மூடிப் பையில் வைத்தார். குடும்ப விஷயம், புகார் இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்ற முகம்.

கதவு தட்டப்பட்டது.

டாக்சி டிரைவர். கையில் அவளுடைய கைப்பை.

"ஆம்புலன்ஸ்ல ஏறற அவசரத்துல பையைப் போட்டுட்டு வந்துட்டீங்கம்மா. ஹால் டிக்கெட் உள்ள இருக்கு, பார்த்தேன். ஐயா நல்லா இருக்காரா? இப்பக் கிளம்பினாலும் அழுத்திப் பிடிச்சா போயிடலாம்."

"உங்களுக்கு இவங்களைத் தெரியுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியாம என்ன சார்? அம்மா பரீட்சைக்குப் போனப்பல்லாம் நம்ம வண்டிதான். சொந்தமா கார் இருக்கு, அம்மாவே நல்லா ஓட்டுவாங்க. ஆனா பரீட்சைன்னா ஐயா என்னைத்தான் கூப்பிடுவார். அம்மா மேல அவ்வளவு அக்கறை சார்."

டிரைவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னிக்குத்தான்மா நீங்க முழிச்சிருந்து பார்க்கறேன். ஐயா ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார்... வண்டியில ஏறினதும் அம்மா தூங்கிடுவாங்க, சென்டர் வந்ததும் தட்டி எழுப்பிவிடுன்னு."



தான் என்ன சொல்லிவிட்டோம் என்று டிரைவருக்குப் புரியவில்லை. மற்ற மூன்று பேருக்கும் புரிந்தது.

அவள் பிடித்திருந்த கையை விட்டாள்.

"தூக்கம் வரும்னு தெரியாதுன்னீங்களே."

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"காரை நான் எங்கயாவது மோதிடக்கூடாதுன்னு யோசிச்சிருக்கீங்க. அந்த மட்டுக்கும் நன்றி. பரீட்சைல மோதினாப் பரவாயில்ல, இல்ல?"

அவள் கட்டில் கம்பியைப் பிடித்தாள்.

"ஏங்க? நான் பாஸானா சம்பளம் கூட வரும். நல்லாத்தானே இருந்திருப்போம்?"

சுவரைப் பார்த்தபடியே அவர் பேசினார்.

"பாஸாயிட்டா நீ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுவே. வெள்ளை கோட்டு, டாக்டருங்க, புது ஜனங்க... பில் போடறவன் உன் கண்ணுக்குத் தெரிவானா? ஃபெயிலாகி வர்ற அன்னிக்கு என் மடியில படுத்து அழுவே. நீங்க மட்டும் இல்லைன்னா நான் செத்தே போயிருப்பேன்னு சொல்லுவே. வேற எந்த நாள்லயும் நீ அப்படிச் சொன்னதில்ல..."

அவள் அழுதாள். சத்தம் போடாமல், நின்ற இடத்திலேயே, டிரைவர் முன்னாலும் இன்ஸ்பெக்டர் முன்னாலும் கண்ணைத் துடைக்காமல் அழுதாள். இந்தத் தடவை சாய்ந்துகொள்ள மடி கிடையாது.

இன்ஸ்பெக்டர் பேனாவை மறுபடி வெளியே எடுத்தார்.

"புகார் எழுதித் தரீங்களாம்மா?"

"தரேன் சார். பரீட்சை எழுதிட்டு வந்து தரேன். இன்னிக்கு ரெண்டையும் எழுதற அளவுக்கு முழிப்பு இருக்கு."

"காபி ஏதாவது சொல்லட்டுமா? முகமெல்லாம் வீங்கியிருக்கு."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் இன்ஸ்பெக்டர் அந்தப் பேச்சை அதோடு விட்டார்.

அவள் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். ஹால் டிக்கெட்டைத் தடவிப் பார்த்தாள். கட்டிலின் காலடியில் தொங்கிய போர்வையை, கை பழக்கத்தில், இழுத்துச் சரியாகப் போர்த்திவிட்டாள். டிரைவர் முன்னால் நடந்தார்.

வாசல்வரை போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது. குழந்தை போல.

"எழுதி முடிச்சுட்டு... நம்ம வீட்டுக்குத் திரும்பி வருவியாம்மா?"

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"இந்தக் கேள்வி வராது. விட்டுடுங்க."