ஒப்புக்குச் சப்பாணி

பகடை ஈரமாக இருந்தது.

அவள் அதை உருட்டப் போய்ச் சட்டென்று நிறுத்தினாள். தண்ணீரின் ஈரம் இல்லை இது. வழவழவென்று இருந்தது, விரலைப் பிரித்தால் நூலாக இழுபட்டுக் கூடவே வந்தது. பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை அவளுக்கு. நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குழாயை விட்டு உறிஞ்சுகிறவளுக்கு எச்சில் எது என்று இன்னொருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அங்கே கையுறை இருக்கும்.

"நீயா இத வாயில வச்ச?"

"நான் இல்லம்மா," என்றாள் சின்னவள். "சப்பாணி."

பெரியவன் கெக்கலித்தான். "சப்பிச் சப்பிப் போடுறான்மா. பேருக்கேத்த ஆளு."

கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவும். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு செல்போன் என்று சிதறிக் கிடந்த வீடு இது. சனிக்கிழமை சாயங்காலமானால் நாலு பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து லூடோ ஆட வேண்டும் என்று அவள்தான் ஒற்றைக்காலில் நின்று சாதித்தாள். போன வாரம் சின்னவள் மேசைக்கடியில் குனிந்து யாருடனோ பேசிவிட்டு, "அவனையும் சேத்துக்கலாமா?" என்று கேட்டபோது, குழந்தையின் கற்பனை என்று அவளும் தாராளமாகத் தலையாட்டினாள். "சேத்துக்கோ. ஒப்புக்குச் சப்பாணியா இருக்கட்டும்." ஆட்டத்தில் இருப்பான், கணக்கில் இல்லை. காய் கிடையாது. யாரையும் வெட்ட முடியாது, அவனையும் யாரும் வெட்ட முடியாது. ஆசைக்கு அவன் முறையில் பகடை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

அவள் பகடையைத் துடைத்து அரைமனதாக உருட்டினாள்.

"இப்ப அவன் முறை," என்று சின்னவள் அதை எடுத்து, தரை வரை தொங்கிய மேசை விரிப்பைத் தூக்கி உள்ளே நீட்டினாள். கை வெறுங்கையாகத் திரும்பியது.

கீழே சத்தம். கெட்டியான ஏதோ ஒன்று பல்லில் இடித்து, கன்னத்தின் உட்சதையில் புரண்டு, சளசளவென்று ஊறிய எச்சிலில் உருண்டு மறுபடியும் பல்லில் இடிக்கிற சத்தம். விரிப்பின் விளிம்பு வழியாக மேலேறி வந்த நாற்றமும் அவளுக்குப் பழக்கமானதுதான். சீழ் வைத்த கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியதும் அறை முழுக்கப் பரவுமே, அதே நாற்றம். ஆனால் ஒரு பல்லுக்கு இவ்வளவு நாறாது. வாய் முழுக்க அழுகினால்தான் இப்படி வரும்.

"அவன் ஏன் கையால போடல?"

"அவனுக்குக் கை இல்லம்மா."

கீழே எதையோ துப்பும் சத்தம். சின்னவள் குனிந்து பகடையை எடுத்துக் கொடுத்தாள். கணவர் அதைச் சட்டையில் துடைத்துவிட்டு உருட்டினார். மகள் ஏதோ வித்தை காட்டுகிறாள் என்று அவர் நினைப்பு. பெரியவன் மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தான். இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்திருந்தான்.

அவள் கணுக்காலில் சூடாக ஏதோ பட்டது. மூச்சு. பிறகு பட்டது மூச்சு இல்லை. தடிமனாக. சொரசொரப்பாக. நிதானமாக, குதிகாலிலிருந்து மேல்நோக்கி.

அவள் காலை உதறிக்கொண்டு எழுந்தாள். "போதும். எல்லாரும் எந்திரிங்க."

"அழுகுணி ஆட்டம்!" என்று சின்னவள் கத்தினாள். "தோக்கப் போறேன்னு பாதியில ஓடுற!"

"உக்காரும்மா," என்றார் கணவர். "வாரத்துல ஒரு நாள்தான் ஒண்ணா இருக்கோம். நீதானே ஆரம்பிச்ச."

"அவன வெளிய போகச் சொல்லுடி."

"எப்படிம்மா? ஒப்புக்குச் சப்பாணிய அவுட்டாக்க முடியாதே. நீதானே சொன்ன."

அது பிள்ளைகளின் காலடியில் கிடக்கக் கூடாது. அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். வெட்டுப்படாதவனை வெட்டுப்படுகிறவன் ஆக்கிவிட்டால்?

"சரி. இனிமே அவனும் நெஜ ஆட்டக்காரன். வெட்டுப்பட்டா வீட்ட விட்டே போயிடணும். கேளு."

சின்னவள் குனிந்து கேட்டாள். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "சரின்னுட்டான். அப்ப அவனும் வெட்டலாம்ல?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை.

விரிப்பு விலகியது. அவனுடைய காய் தெறித்து வந்து பலகையில் விழுந்தது. கடைவாய்ப்பல். மனிதப் பல். மூன்று வேர்களும் முழுசாக இருந்தன. வேர்களுக்கிடையே மஞ்சளாகச் சதை ஒட்டியிருந்தது. சின்னவள் அதை விரலால் எடுத்துக் கட்டத்தில் வைத்தாள்.

டக். டக்.

ஆறு. மறுபடி ஆறு. அடுத்து மூன்று. பல்லை நகர்த்திக்கொண்டே போன சின்னவளின் விரல், கணவரின் பச்சைக் காயை இடித்துத் தள்ளியது.

"வெட்டு! அப்பா அவுட்டு!" சின்னவள் கைதட்டினாள். "வெட்டினவனுக்கு இன்னொரு ஆட்டம்!"

கணவர் சிரித்தார். சிரிப்பு நின்றது. வாய் மூடவில்லை. கைகள் மேசையிலிருந்து நழுவி, பிழியாத துணியாகப் பக்கவாட்டில் தொங்கின.

மேசைக்கடியில் சத்தமே இல்லை.

"ஏங்க?"

டக்.

இந்தத் தடவை அவர் வாய்க்குள்.

"அம்மா..." என்றான் பெரியவன்.

அவர் குனிந்தார். உதட்டிலிருந்து பகடை பலகையில் விழுந்தது. எச்சில் நூல் அறாமல் கீழுதட்டில் தொங்கியது. நாலு. பல்லுக்கு நாலு கட்டம் தள்ளி, சின்னவளின் சிவப்புக் காய்.

பலகையைத் தட்டிவிட வேண்டும். அவளுக்குக் கை எழவில்லை.

அவர் முகத்தைப் பலகைமேல் தாழ்த்தி, அந்தப் பல்லை உதடுகளால் கவ்வினார். ஒவ்வொரு கட்டத்திலும் ஈரம் படிய, மெல்ல, மகளின் காயை நோக்கி நகர்த்தத் தொடங்கினார்.