மூன்று வினாடி மூச்சு

அன்று காலை உத்தமன் மிகுந்த அக்கறையோடு இருபத்திரண்டு பேரின் மூச்சை அழித்தான்.

ரிச்சர்ட்ஸ் டவுனில், ஜனங்களின் பேச்சைப் பதிவுசெய்து அப்படியே எழுதித் தரும் சின்ன அலுவலகம். 2004. திருப்பத்தூரிலிருந்து இந்த நகரத்துக்கு வந்து ஒன்பதே நாளான உத்தமன், பதிவுகளில் இருந்த இருமல், பெருமூச்சு, சிரிப்பு, 'ப்ச்' எல்லாவற்றையும் குப்பையென்று கத்தரித்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தான்.

பாராட்டு வரவில்லை. சங்கமித்ரா வந்தாள். தான் குடியிருக்கும் நீலசந்திரா பகுதியில் வீடு வீடாக ஏறி இறங்கி அத்தனையும் பதிந்தவள் அவள்தான். வேறு நகலும் கிடையாது.

"சிரிப்பெல்லாம் எங்க சார்?"

"க்ளீன் பண்ணிட்டேங்க..."

"எங்க பக்கத்து வீட்டு லட்சுமம்மா சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துச்சு. இப்போ ரேஷன் கார்டு படிக்கிற மாதிரி இருக்கு! வார்த்தைய யார் வேணா எழுதுவாங்க. மிச்சத்த எழுதத்தான் நமக்குச் சம்பளம்!"

அந்தக் கண்களில் ஆலங்கட்டி மழை... திட்டு வாங்கும்போது இமைகளை ரசித்த முதல் மடையன் தான்தான் என்று உத்தமனுக்குத் தோன்றியது.

தண்டனையாக, மறுபடி இருபத்திரண்டு வீடுகள். பதிவு மெஷினைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். என்ன கேட்டாலும் அவளிடமிருந்து ஒரு 'ம்'. அவ்வளவுதான்.

கடைசி வீடு லட்சுமம்மாவுடையது. வெளியே நல்ல மழை.

"அழிச்சவன் நீதானாப்பா? போயி டீ வாங்கினு வா. அப்பதான் எனக்கு சிரிப்பு வரும்."

நனைந்துகொண்டே போனான். மெஷினை நிறுத்த மறந்திருந்தான்.

மறுநாள் ஹெட்போனில் லட்சுமம்மா கேட்டாள்: "ஏண்டி, அந்தப் பையன உனக்குப் புடிச்சிருக்கா?"

மழைச் சத்தம். மூன்று வினாடி நீண்ட ஒரு மூச்சு. வளையல் உரசல். பிறகு, கையால் வாயைப் பொத்திக்கொண்ட ஒரு குட்டிச் சிரிப்பு...

ஒவ்வொன்றையும் குறித்தான். பிறகு நேராக அவள் மேஜைக்குப் போய் ஹெட்போனை நீட்டினான்.

"இத நான் அழிக்கலைங்க."

கேட்டாள். கண்கள் தாழ்ந்தன. "மூச்சுன்னு எழுதுங்க."

"எழுதிட்டேன். வளையலையும் எழுதிட்டேன். வார்த்தைதான் காலியா இருக்கு. எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா நான் எதையும் தப்பாவே புரிஞ்சிக்கிற ஆளு, இருபத்திரண்டு பேரு சாட்சி. வாயத் தொறந்து சொல்லிடுங்க. 'ம்' மட்டும் வேணாம்..."

உதடு வரை வந்த 'ம்'மை அவள் விழுங்குவது தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றினாள். மெஷினில் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"எனக்கும் உங்கள புடிச்சிருக்கு, உத்தமன். இத அழிச்சீங்க... அப்புறம் தெரியும் சேதி!"