பதிமூன்றாம் மாடிக்குப் போன லிஃப்ட்

இல்லாத மாடியில் போய் லிஃப்ட் நின்றது.

பூவிழி கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். லேப்டாப் திரையில் 13 என்றுதான் எரிந்தது. சிகாகோவில் இருக்கும் அறுபது மாடிக் கட்டிடத்தின் கேமராக்களை வலங்கைமான் ஓட்டு வீட்டில் உட்கார்ந்து கண்காணிப்பது அவள் வேலை. இங்கே வெயில் ஏறும்போது அங்கே நள்ளிரவு. அமெரிக்காக்காரனுக்குப் பதிமூன்று ஆகாது. பன்னிரண்டுக்கு மேல் பதினான்கு என்று எண் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவான்.

கணவன் அன்பரசன் வயலிலிருந்து போன் செய்தான்.

"புள்ள தூங்குறானா?"

"தூளியில போட்டிருக்கேன். லிஃப்ட்ல என்னமோ கோளாறுங்க."

"நம்பர் தப்பா காட்டும், விடு. அறுப்பு மெஷின் வந்துட்டு. நான் வர சாயங்காலமாயிடும்."

தூரத்தில் மெஷினின் இரைச்சல், கொல்லையில் காயும் வைக்கோல் வாசனை, அடுத்த அறையில் பச்சைச் சேலைத் தூளி அசைய அசைய உத்தரத்துக் கயிறு எழுப்பும் கிறீச் சத்தம், எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தன. லிஃப்ட் கதவு திறந்து, உள்விளக்கு மங்கி, ஒரு நிழல் ஏறி மூலையில் நின்றபோதுதான் அவள் திரையை நோக்கிக் குனிந்தாள்.

இன்டர்காமை அழுத்தி, யாரென்று ஆங்கிலத்தில் கேட்டாள். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஒரு பெண்குரல், தான் கிளம்புவதாக மெதுவாகச் சொன்னது.

அப்பாடா, தொலைந்தால் சரி என்றிருந்தது. அந்த நிம்மதியில், வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்குச் சொல்வதுபோல் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சரி, போயிட்டு வாங்க."

நிழல் தலை நிமிர்ந்தது.

"வாங்க," என்றது. ருசி பார்ப்பதுபோல் மறுபடியும், "வாங்க."

ஐயோ, என்ன சொல்லித் தொலைத்தோம்! போகிறவரை வரச் சொல்லி அனுப்பும் பாழாய்ப்போன பழக்கம்.

லிஃப்ட் காலியாக இருந்தது.

கயிற்றின் கிறீச் நின்றது.

டிங்.

லிஃப்ட் மணி. பக்கத்து அறையில்.

ஓடினாள். உத்தரத்தில் கயிறு மட்டும் தொங்கியது. தூளி இல்லை. பிள்ளை இல்லை. "ராசா..." என்று வெறுங்கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

அழுகை கேட்டது. பின்னால். லேப்டாப்பிலிருந்து.

திரையில், லிஃப்ட்டின் கூரையிலிருந்து பச்சைச் சேலை தொங்கியது. பிஞ்சுக் கால் ஒன்று வெளியே உதைத்தது. நீண்ட விரல்கள் அதை உள்ளே தள்ளிவிட்டு, தூளியை ஆட்டின. மேலே 13 எரிந்தது.

கதவு மெல்ல மூடியது.