கெட்டி ஆயில் ஊற்றிய கார்!

"அய்யோ... பாண்டீ...!"

காமராஜின் அலறல் பாதியில் அறுந்தது.

இரும்புக் கம்பி கீழே விழுந்தது. பக்கத்திலேயே காமராஜும் விழுந்தார்.

ஏழாயிரம்பண்ணை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பட்டாசுக் கம்பெனியில் வேறு ஆளே இல்லை.

செந்தூர்பாண்டி குனிந்து, தன் பார்ட்னரின் மூக்கருகே விரலை வைத்தார். மூச்சு எதுவும் தட்டுப்படவில்லை.

"செத்துட்டான்...!"

காரணம் ஒரு ஷெட். லைசென்ஸ் இல்லாத ஷெட்! உள்ளே தடை செய்த வெடிமருந்து. அதைக் கலக்க முப்பது பெண்கள்.

"நாளைக்கே ஆபீஸர்ட்ட சொல்லிருவேன் பாண்டி. முப்பது உசுரு... வெளையாட்டா?" என்று காமராஜ் கேட்டார். கேட்ட ஐந்தாவது நிமிடம், கம்பி!

தார்ப்பாயில் சுருட்டினார். கயிற்றால் கட்டினார். காரின் டிக்கியில் திணித்து மூடினார்.

மல்லாங்கிணறு பக்கம் பழைய கல்குவாரி ஒன்று உண்டு. ஆழமான தண்ணீர். வேலை முடிந்தால் காமராஜ் 'காணாமல் போனவர்', அவ்வளவுதான்.

கார் பறந்தது.

ஆமத்தூரை நெருங்கும்போது டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. அப்புறம் சிவப்பு விளக்கு. அப்புறம் பின்னால் புகை... குபுகுபுவென்று!

ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். கார் முனகியது. நின்றே விட்டது.

நின்ற இடத்தைப் பார்த்தார்.

பொன்மணியின் ஒர்க் ஷாப். வாசலில்... போலீஸ் ஜீப்!

கையில் ஸ்பானரோடு பொன்மணி வந்தாள். ஆமத்தூர் வட்டாரத்தின் ஒரே பெண் மெக்கானிக். பின்னாலேயே டீ கிளாஸோடு வந்தது சப்-இன்ஸ்பெக்டர் ஞானசுந்தரி. ஜீப்புக்குப் பிரேக் பார்க்க வந்தவர்.

"என்ன அண்ணாச்சி, வண்டி இப்படிப் புகையுது?"

"ஒண்ணுமில்ல தாயி. சும்மா சூடு. நீ ஓம் வேலையப் பாரு."

"பாக்கட்டும் அண்ணாச்சி," என்றார் ஞானசுந்தரி. "நடுரோட்டுல எம்புட்டு நேரம் நிப்பீக?"

மறுத்தால் சந்தேகம் வரும். செந்தூர்பாண்டி பானட்டைத் திறந்துவிட்டார்.

ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கைப் பொன்மணி உருவினாள். நுனியில் இருந்த ஆயிலை இரண்டு விரலால் தேய்த்துப் பிரித்தாள். கறுப்பாய்... பிசுபிசுவென்று இழுத்தது.

"எந்த ஆயில ஊத்துனீக?"

"எங்க லாரிக்கு வாங்குனதுதான். ட்வென்டி டபிள்யூ ஃபிப்டி. நானே ஊத்துனேன்."

"அண்ணாச்சி! இந்தக் காருக்கு ஜீரோ டபிள்யூ ட்வென்டிதான்னு போன தடவயே புக்க விரிச்சுப் படிச்சே காட்டுனேனே!"

"அது தண்ணி மாதிரில்ல இருந்துச்சு! நம்ம வெயிலுக்குத் தாங்குமா? கெட்டியா இருந்தாத்தான எஞ்சினுக்குப் பலம்?"

ஞானசுந்தரிக்கு ஆர்வம் வந்துவிட்டது. செந்தூர்பாண்டியின் கண் டிக்கிப் பக்கம் போய் வந்தது.

"ஏம் பொன்மணி, அதென்ன ரெண்டு நம்பரு?"

"முன்னாடி நம்பரு, வண்டி ஆறிக் கெடந்து ஸ்டார்ட் பண்ணும்போது பாக்கணும் மேடம். சின்ன நம்பருன்னா ஆயில் சட்டுன்னு மேல ஏறிரும். பின்னாடி நம்பரு, எஞ்சின் சூடானப்புறம் எம்புட்டுக் கெட்டியா இருக்கும்னு."

"வெயிலு...?" என்றார் செந்தூர்பாண்டி ஈனஸ்வரத்தில்.

"வெளிய நாப்பது டிகிரின்னா எஞ்சினுக்குள்ள நூறு அண்ணாச்சி. அதையும் சேத்துப் பாத்துத்தான் வண்டி செஞ்சவன் நம்பரு குடுத்துருக்கான். பழைய லாரி எஞ்சின்ல இடைவெளி ஜாஸ்தி, அதுக்குக் கெட்டி ஆயில் சரி. இதுல ஆயில் போற வழி ஊசி கணக்கா இருக்கும். கெட்டி ஆயில் மேல போய்ச் சேர்றதுக்குள்ள இரும்பும் இரும்பும் உரசிப்போகுது. எஞ்சினுக்குக் காத்து ஊதுற டர்போ காலி!"

"சரி தாயி, புத்தி வந்துருச்சு. நான் ஆட்டோ புடிச்சுப் போயி வண்டிய இழுக்க ஆள் கூட்டியாரேன்..."

"இருங்க. ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணுங்க. சத்தத்தக் கேட்டுக்கிடுதேன்."

சாவியைத் திருகினார்.

டக்... டக்... டக்... டக்...

"கேட்டீகளா மேடம்? மேல ஆயில் ஏறல. அதான் தட்டுது."

ஒரு குலுக்கல். எஞ்சின் தானாகவே அணைந்தது. புகை மெல்ல அடங்கியது.

அமைதி.

டக்... டக்...

பொன்மணியின் புருவம் உயர்ந்தது.

"அண்ணாச்சி... எஞ்சின்தான் நின்னு போச்சே?"

"அ... அது... சூடு ஆறுற சத்தம் தாயி!"

"எஞ்சின் முன்னாடில்ல இருக்கு? சத்தம் பின்னாடி வருது!"

டக்! டக்! டக்!

ஞானசுந்தரி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"டிக்கியத் திறங்க."

"மேடம்... அது வந்து... மேடம்..."

"திறங்கய்யா!"

செந்தூர்பாண்டி ஓடப் பார்த்தார். பொன்மணி காலை நீட்டினாள். பட்டாசு அதிபர் புழுதியில் மண்ணைக் கவ்வினார்.

டிக்கி திறந்தது. தார்ப்பாய் நெளிந்தது! குதிகாலால் டிக்கியை உதைத்துக்கொண்டே இருந்தது அந்த மூட்டை!

கயிற்றை அறுத்தார்கள். தலையெல்லாம் ரத்தமாய்க் காமராஜ் எழுந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"செ... செத்துல்ல போயிருந்தான்! கல்குவாரித் தண்ணியில போடத்தான கொண்டு போனேன்!" செந்தூர்பாண்டி தரையில் கிடந்தபடியே உளறினார்.

"கல்குவாரிக்குப் போயிருந்தா செத்துத்தான் போயிருப்பாரு," என்றாள் பொன்மணி. தண்ணீர் பாட்டிலைக் காமராஜின் வாயில் சரித்தாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டுக் காமராஜ் திக்கித் திணறிக் கேட்டார்.

"கார்... கார நிப்பாட்டுனது யாரு? அவுக கால்ல விழணும்..."

ஞானசுந்தரி விலங்கை எடுத்தார். செந்தூர்பாண்டியின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பூட்டினார். பிறகு அலுத்துக்கொண்டார்.

"கொல்லப் பாத்ததும் இந்த ஆளு... கெட்டி ஆயில ஊத்திக் காப்பாத்துனதும் இந்த ஆளு! எஃப்.ஐ.ஆர்-ல எதைய்யா நான் மொதல்ல எழுத?"