மிச்ச நாளுக்கு ஓர் ஆள்

பூட்டிக் கிடந்த வீட்டின் நடு அறையில், முந்தின நாள்தான் சுண்ணாம்பு அடித்த சன்னல் படியில், ஐந்து புளியங்கொட்டைகள் வரிசையாக இருந்தன. ஹாஜறா முதலில் எலியைத்தான் நினைத்தாள். சூறாவளிக்குப் பிறகு கல்முனையில் மனிதருக்குக் கிடைக்காத வீடெல்லாம் எலிக்குக் கிடைத்திருந்தது. ஆனால் எலி கொண்டுவந்த கொட்டை இப்படிக் கழுவித் துடைத்ததுபோல் பளபளவென்று இருக்குமா, ஒன்றுக்கொன்று விரற்கடை இடைவெளி விட்டு இருக்குமா என்று அடுத்த நினைப்பு வந்தபோது அதை அவள் வளரவிடவில்லை. விளக்குமாற்றால் ஐந்தையும் தட்டி வெளியே மணலில் விழுத்தினாள். சன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அதே வளவில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் ஆறு இருந்தன.

ஆறையும் பார்த்துக்கொண்டு நின்றபோது, கமீலா இந்த வீட்டை விட்டுப் போய் இன்றைக்கு ஆறாம் நாள் என்பது யாரும் கேட்காமலே ஹாஜறாவுக்கு ஞாபகம் வந்தது.

மகள் றபீக்காவுக்கென்று கட்டிய வீடு அது. இந்தக் கரையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவான். பெண் பிறந்தால் வீடும் பிறந்தாக வேண்டும். மகள் வளரும்வரை சும்மா கிடக்க வேண்டாமென்று, மருதமுனையில் தறி அடித்த ஹமீடுக்கும் அவன் பெண்சாதி கமீலாவுக்கும் ஒரு வருட ஒப்பந்த எழுத்தில் வாடகைக்குக் கொடுத்திருந்தார்கள். எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில் சூறாவளி வந்தது. தறிக்கொட்டில் சுவர் ஹமீடின் மேல் விழுந்தது; எடுத்தபோது உயிர் இல்லை.

கமீலா நடு அறை வாசலில் வெள்ளைச் சீலையைத் திரையாகக் கட்டி, வெள்ளை உடுத்து, இத்தா இருக்கத் தொடங்கினாள். புருசன் மௌத்தானவள் அவன் வைத்துவிட்டுப் போன வீட்டிலேயே நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண் முகம் பாராமல் இருக்க வேண்டும். நாள் தவறிவிடுமோ என்ற பயத்தில் நூற்று முப்பது புளியங்கொட்டையை ஒரு பால்மா டின்னுக்குள் போட்டு வைத்திருந்தாள். முதல் நாள் டின் விளிம்பு முட்ட நிறைந்திருந்தது. தினமும் விடியற்காலை சுபஹு தொழுத கையோடு ஒன்றை எடுத்துச் சன்னல் படியில் வைப்பாள்.

புருசனோடு சம்பாத்தியமும் போனது, வாடகை நின்றது. ஊரில் கூரையுள்ள வீடுகளுக்கு வாடகை இரண்டு மடங்காகிவிட்டது. ஹாஜறாவின் அவசரம் அதுவல்ல. பங்குனியில் றபீக்காவுக்குக் கல்யாணம் நாள் வைத்தாகிவிட்டது. அந்த வீட்டின் பாதிக் கூரையில் ஓடு இல்லை. கல்யாண வீட்டின் நடு அறையில் ஒருத்தி வெள்ளைத் திரை கட்டிக்கொண்டிருந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்?

புருசன் அச்சிமுகம்மதுவைப் பள்ளி லெப்பையிடம் அனுப்பிக் கேட்டாள். அவர் போய்வந்து முழுவதையும் சொன்னார்.

“வாடகை கட்ட ஏலாட்டி இத்தாவில இரிக்கிறவ வீடு மாறலாமாம். ஆனா வீட்டுக்காரர் மனசு வெச்சி இரிக்க உட்டா, இரிந்து முடிக்கிறதுதான் அவவுக்கு நல்லமாம்.”

திரைக்கு இந்தப் பக்கம் நின்று ஹாஜறா கமீலாவுக்குச் சொன்னது முன்பாதியை மட்டும். பின்பாதியை விழுங்கிவிட்டாள். மார்க்கத்தில் பாதியைச் சொல்வது பொய்யாகாது என்று தனக்குத் தானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டாள்.

கமீலா போனது மாசி மழையில். வரிப்பத்தான்சேனையில் இருந்த தமையன் வீட்டுக்கு, வீரமுனை நல்லரெத்தினத்தின் மாட்டு வண்டியில், இரண்டு பக்கமும் பாய் கட்டிக்கொண்டு. ஏறுவதற்கு முன்னால் முக்காட்டை இழுத்துவிட்டு ஹாஜறாவிடம் ஒன்று கேட்டாள்.

“ராத்தா, வாடகைத் தவணைக்கு முந்திப் போனா மிச்ச நாளுக்கு வேற ஆள் வைக்கோணும் எண்டு எழுத்தில இரிக்கி. நான் ஆரைக் கொண்டு வாற?”

“அதை உடுகா. மிச்ச நாளை நான் பாத்துக்கிறன்.”

“மெய்யாவா?”

“ஓம் எண்டுறன். மழை கூடுது, நீ ஏறு.”

கமீலா முக்காட்டுக்குள்ளிருந்து பால்மா டின்னை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். “அப்ப இதையும் வெச்சிக்கங்க. நாப்பத்தொண்டு இரிக்கி.”

வண்டி சந்தி திரும்பியதும், சூறாவளிக் குப்பை போட வெட்டிய கிடங்குக்குள் டின்னை அப்படியே எறிந்தாள் ஹாஜறா. மேலே ஒரு காய்ந்த தென்னோலையையும் இழுத்துப் போட்டாள். ஓலையை ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

கமீலா போன ஏழாம் நாள் காலை, வைக்கோல் ஏற்றிப்போன நல்லரெத்தினம் படலையடியில் வண்டியை நிறுத்தினார்.

“தங்கச்சி, அந்தப் பொம்புளைப் புள்ள செத்துப்போச்சாம். நனைஞ்ச காய்ச்சல். போய் மூணாம் நாள்.”

ஹாஜறா இன்னாலில்லாஹி சொன்னாள். நாக்குத்தான் சொன்னது.

“கடைசி வரைக்கும் ஒரே கதையாம். வண்டியைத் திருப்பு, எனக்கு நாள் முடியல்ல எண்டு. தமையன்காரன் சொல்லி அழுதான்.” நல்லரெத்தினம் மாட்டை அதட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று வீட்டைத் திறக்கவே கூடாது என்று நினைத்தாள். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு கால் தானாகப் போனது. படியில் ஏழு இருந்தன. வாசலை விட்டு நேரே கிடங்குக்குப் போய் ஓலையைத் தூக்கிப் பார்த்தாள். உடைந்த ஓடும் தென்னம்பாளையும் செத்த கோழி ஒன்றும் கிடந்தன. டின்னைக் காணவில்லை.

பிறகு சத்தம் தொடங்கியது. சுபஹு தொழுது சலாம் கொடுத்து, கடல் இரைச்சலும் முதல் காகமும் தவிர ஊரில் வேறு சத்தமில்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில், கிணற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தகரத்துக்குள் கை விட்டுத் துழாவுகிற ஓசை தெளிவாகக் கேட்கும். ஒன்றைத் தேடி எடுக்கிற ஓசை. அவசரமில்லாமல், எண்ணிக்கை தெரிந்த கை. அது நின்றதும் சன்னல் படியில் ‘டொக்’ என்று ஒரு சின்னச் சத்தம்.

“எலி புள்ள, எலி,” என்றார் அச்சிமுகம்மது. “ஓடு போட்டு முடியட்டும், பொறி வைக்கிறன்.”

அவரிடம் சொல்லியிருக்கலாம். முழுவதையும் கொண்டுவந்து கொடுத்த மனுசனிடம், நான் பாதியைத்தான் அங்கே கொடுத்தேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கமீலாவின் பேரில் கத்தம் ஓதுவித்து ஏழைகளுக்குச் சோறு கொடுத்தாள். சோறு தின்றவர்கள் துஆச் செய்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையிலும் கை துழாவியது. இத்தனைக்கும் நாப்பத்தொரு நாள்தானே கேட்டாள், அதுவும் கேட்கக்கூட இல்லையே, நான் ஒரு வார்த்தை இரு என்றிருந்தால் இருந்திருப்பாளே என்று அரிசி களையும்போதும் மகளின் சீலைகளை மடிக்கும்போதும் நெஞ்சுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது.

நாள் போனது. படியில் பதினைந்து, இருபது, இருபத்தாறு. தட்டிவிட்டாலும் மறுநாள் அத்தனையும், அதற்கு மேல் ஒன்றும் இருக்கும். அறைக்குள் சுண்ணாம்பு மணம் போய், ஈரச் சீலை வெயில் காணாமல் உள்ளேயே காயும் மணம் வந்தது. றபீக்காவுக்கென்று வாசலில் ரோசாப் பூப் போட்ட திரை தொங்கவிட்டிருந்தாள் ஹாஜறா. முப்பதாம் நாள் போய்ப் பார்த்தபோது பூக்கள் மங்கியிருந்தன. முப்பத்திரண்டாம் நாள் பூவே இல்லை. வெள்ளை.

அவள் எண்ணிப் பார்த்தாள். கல்யாணம் முப்பத்தேழாம் நாள். மிச்ச நாள் முடிவது நாற்பத்தோராம் நாள். கமீலாவின் இருப்பு முடியுமுன் மணப்பெண் உள்ளே போவாள். நாளைத் தள்ளிப்போடலாம்தான். மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன காரணம் சொல்வது?

முப்பத்துமூன்றாம் நாள் ஓடு வந்து சேர்ந்தது. அச்சிமுகம்மது அதே பகலில் ஏணி வைத்துக் கூரையில் ஏறினார். ஓட்டின் மேல் ஓடு வைக்கும் சத்தம் வளவு முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தத்தில் ஹாஜறாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வீட்டின் மேல் உயிரோடு ஒரு மனுசன் இருக்கிறார்.

மாலை அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லி முடிந்த நேரம் றபீக்கா குசினிக்குள் வந்தாள். நிறம் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க, காலையில்தான் ஒரு கையில் மருதோண்டி வைத்திருந்தார்கள். அந்தக் கையைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“உம்மா, அந்த ஊட்டு அறைக்குள்ள ஆர் இரிக்கிற?”

அடுப்பில் பால் பொங்கியது. ஹாஜறா இறக்கவில்லை.

“நீ ஏன் அங்க போன?”

“வாப்பாக்குத் தேத்தண்ணி குடுக்கப் போன. திரைக்குப் பின்னாலரிந்து ஒரு கை நீட்டிச்சி. சொந்தக்காரர் ஆரோ மருதோண்டி பாக்கக் கேக்கிறாங்க எண்டு நானும் கையை நீட்டினன். சரியான குளிர்க் கை உம்மா.”

றபீக்கா கையை விரித்தாள். சிவந்த உள்ளங்கையில் புளியங்கொட்டைகள்.

எட்டு.

ஹாஜறா மகளின் கையிலிருந்து அவற்றைப் பிடுங்கினாள். நகம் பட்டு மகள் கத்தியது காதில் விழவில்லை. கிணற்றைத் தாண்டினாள். எட்டு நாள். எட்டே எட்டு நாள். அதை என் பிள்ளை தலையில் வைக்கப் பார்க்கிறாள். கல்யாணம் முடிந்த கையோடு என் பிள்ளைக்கு வெள்ளை. இல்லை. அது நடக்காது.

கதவு திறந்திருந்தது. மேலே ஓட்டுச் சத்தம். ஒன்று. இன்னொன்று. அவர் ஏதோ பைத்துப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்வதுகூடக் கேட்டது.

திரையை விலக்கினாள்.

பாயில் ஒருத்தி இருந்தாள். வெள்ளை முக்காடு. முதுகு இந்தப் பக்கம், முகம் சன்னல் பக்கம். சீலையின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாசி மழை. பக்கத்தில் டின்.

ஹாஜறாவுக்கு ஓடத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது.

“கமீலா. லெப்பை சொன்னதுல பாதியத்தான் உனக்குச் சொன்னன்கா. வீட்டுக்காரர் மனசு வெச்சா இரிந்து முடிக்கலாம் எண்டும் சொன்னவர். நான் மறைச்சிட்டன். மனசு வெக்கல்ல. மன்னிச்சிக்ககா.”

முக்காடு அசையவில்லை. சொட்டு நிற்கவில்லை.

“என்ட புள்ளைக்கு இதைக் குடுக்காத. நான்தானே பாத்துக்கிறன் எண்டு சொன்ன? நான் இரிக்கிறன். மிச்சத்த நான் இரிந்து முடிக்கிறன்.”

பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பாய் நனைந்திருந்தது. எட்டு நாள். கண்ணை மூடினால் போய்விடும்.

மேலே ஓட்டுச் சத்தம் நின்றது.

முணுமுணுப்பும் நின்றது.

என்னத்துக்கு இருப்பது? அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. எத்தனை நாள் என்றுதான் எண்ணினாள். தானே இத்தாவில் உட்கார்ந்தால் அது யாருக்காக என்று நினைக்கவே இல்லை. புருசன் உயிரோடு இருப்பவளுக்கு ஏது இத்தா?

“இஞ்ச பாருங்க!” என்று கூரையைப் பார்த்துக் கத்தினாள். “இறங்கி வாங்க! இறங்கி...”

ஓடுகள் சரிந்தன. சன்னலுக்கு வெளியே வெளிச்சம் ஒரு கணம் மறைந்து மீண்டது. கிணற்றுக் கட்டில் எதுவோ கனமாக விழுந்தது.

ஒரு சத்தமும் இல்லை. கடல் மட்டும்.

பிறகு றபீக்கா. “வாப்பா! வாப்பா! உம்மா, ஓடி வாங்க!”

ஹாஜறாவால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான் எழுந்தாள். முகத்தைக் காட்டவில்லை. ஈரக் கால் வைத்து ஹாஜறாவைக் கடந்து வாசலுக்குப் போனாள். வெளியே நின்றபடி, விலகிக் கிடந்த வெள்ளைத் திரையை இழுத்து, இரண்டு பக்கமும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து, மூடிவிட்டாள்.

ஹாஜறா பொத்திய கையைத் திறந்தாள். அதில் ஒன்றும் இல்லை. டின்னைப் பார்த்தாள்.

எட்டு அல்ல. முதல் நாள்போல் விளிம்பு முட்ட இருந்தன, கழுவித் துடைத்ததுபோல் பளபளவென்று.