முத்திரை ஏறிய குஞ்சுகள்

ஏழாயிரம் குஞ்சுகளும் பசியோடு நின்றன. தீவனத் தட்டுகள் விளிம்புவரை நிறைந்திருந்தன. ஒரு குஞ்சுகூடக் குனியவில்லை.

கோகிலவாணி பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் தீவனத்தைத் தூவி, தாய்க்கோழி கொத்துவது போல விரல் நுனியால் தட்டினாள். சத்தம் கேட்டு நாலைந்து குஞ்சுகள் ஓடிவந்தன. அவள் நகத்தைக் கொத்தின. தீவனத்தில் ஒரு துணுக்கை எடுத்து வாயில் வைத்ததும் தலையை உதறிக் கீழே போட்டுவிட்டு, அசிங்கத்தைத் தொட்டுவிட்டது போல அலகைத் தரையில் தேய்த்துக்கொண்டன.

பல்லடத்தைச் சுற்றியுள்ள பண்ணைகளில் இப்போதெல்லாம் குஞ்சு தன் முதல் சாப்பாட்டை முட்டைக்குள்ளேயே முடித்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. பொரிவதற்குச் சில நாள் இருக்கும்போது முட்டைகள் ஊட்டுப்பொறிக்குள் போகும். மெல்லிய ஊசி ஓட்டைத் துளைத்து, குஞ்சு மிதக்கும் நீரில் ஒரு சொட்டுச் சத்தை விடும். வெளியே வருமுன் அந்த நீரைக் குஞ்சு குடித்துத் தீர்ப்பது இயற்கை. கூடவே சத்தும் உள்ளே போய்விடும். குடல் முன்கூட்டியே தேறும், கால் உறுதிப்படும், சாவு குறையும். கருவூட்டம் என்று பெயர். நல்ல கண்டுபிடிப்புதான், கோகிலவாணிக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் அமுதக்கரு நிறுவனம் அந்தச் சொட்டில் ஒரு வாசனையைச் சேர்த்தது. பிறக்குமுன் குடித்த வாசனை எதுவோ அதுதான் குஞ்சுக்கு உணவு, மற்றதெல்லாம் குப்பை. சுவைமுத்திரை என்றார்கள். முத்திரை ஏறிய குஞ்சு எச்சத்தைக் கொத்தாது, ஈயைக் கொத்தாது, நோய் அண்டாது என்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டுச் சாப்பாடும் போட்டு விளக்கினார்கள். அமுதக்கருத் தீவனத்தைத் தவிர வேறு எதையும் அது தின்னாது என்பதை மட்டும் விளக்கவில்லை. விளக்காமலே எல்லோருக்கும் புரிந்தது. மற்றத் தீவன மில்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

போன மாதம் தீவன ஆலை புது முத்திரைக்கு மாறியது. பொரிப்பகத்தில் பழைய சொட்டு மிச்சம் இருந்ததாம். வீணாக்குவானேன் என்று யாரோ அதையே இந்த பேட்ச்சுக்கு ஏற்றிவிட்டார்கள். பழைய வாசனைத் தீவனமோ ஒரு மூட்டைகூட எங்கும் இல்லை. மிச்சத்தை மீன் பண்ணைக்குத் தள்ளியிருந்தார்கள்.

இதை வந்து சொன்னவன் நிறுவனத்தின் கள அலுவலர் தருண். தாராபுரத்துப் பையன், மரியாதை தெரிந்தவன். வெளியே வாசல் மரத்தடியில் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னான்.

"நாளைக்குச் சாயங்காலம் பொக்லைன் வந்துருமுங்க்கா. பின்னாடி குழி எடுத்து மூடிரலாம். உங்களுக்கு ஒண்ணும் நட்டமில்லீங்க, கம்பெனி முழுசாக் குடுத்துரும்."

"நட்டத்தை யாருங்க தம்பி கேட்டா? உசுரோட நிக்கறதை எப்படி மூடுவீங்க?"

"நாளைக்குள்ள துவண்டுருமுங்க்கா. வயித்துக்குள்ள மஞ்சக்கரு இருக்கற வரைக்குந்தான் நிக்கும்."

"அப்ப அது தீர்ற வரைக்கும் எனக்கு விடுங்க."

அவன் போனதும் அவள் கணவன் பரமசிவம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினான். "ஏம்புள்ள, நாப்பது நாள்ல கறிக்கடைக்குப் போறதுகதானே. அதுக்கு இத்தனை ரோசமா?"

"தின்னுட்டுப் போறது வேறங்க. நிறைஞ்ச தட்டு முன்னாடி பட்டினில சாகறது வேற. பசியோட நம்ம கூரைக்குக் கீழ வந்துருக்குதுக. குழியில போட்டு மூடிட்டு, வெள்ளிக்கெழமை எந்த மூஞ்சியோட மாரியாத்தாளுக்கு வெளக்கு வெக்கறது?"

"அதுக்கு என்ன பண்றதுங்கற?"

"இதுகளுக்குத் தின்னச் சொல்லிக்குடுக்க ஒரு தாய் வேணும்."

பரமசிவம் வாசலில் இருந்த பலகையைப் பார்த்தான். நாட்டுக்கோழி, வாத்து, காடை உள்ளே வரக்கூடாது என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. நோய் பரவுமென்று பண்ணைக்காரர்கள் வீட்டில்கூட ஒரு சேவல் வளர்க்கக் கூடாது. மீறினால் ஒப்பந்தம் அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகு எந்த நிறுவனமும் அந்தக் கொட்டகையில் குஞ்சு இறக்காது.

"வாணி, யோசிச்சுக்க."

"யோசிச்சுட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் வேலியைத் தாண்டிப் போனாள்.

அடுத்த தோட்டத்து ஜெயக்கொடிக்கும் அவளுக்கும் பேச்சு நின்று வெகுநாளாகிறது. பண்ணையிலிருந்து ஈ வருகிறது என்று கலெக்டர் ஆபீஸ் வரை மனு கொண்டுபோனவள் ஜெயக்கொடி. களத்தில் சோளம் கிளறிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"என்ன, உன்ற ஈயெல்லாம் பத்திரமா இருக்குதான்னு பாக்க வந்தியா?"

"கோழி வேணுங்க்கா. அடையில இருக்கற கோழி."

"ஏழாயிரம் கோழிக்காரி எங்கிட்டக் கோழி இரவல் கேக்கறா. இதையும் பாத்தாச்சு."

கோகிலவாணி கோபப்படவில்லை. நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க ஜெயக்கொடியின் கை நின்றது. உள்ளே போய், இரண்டு கூடைகளில் மூன்று அடைக்கோழிகளைத் துணி போட்டு மூடி எடுத்துவந்தாள். ஒன்று துணிக்குள்ளிருந்தே சீறியது.

"முட்டையெல்லாம் ஆறிப்போயிருமேங்க்கா."

"ஆறுனா ஆறட்டும். அதுக இன்னும் வாயத் தொறந்து கேக்கல, உன்னுது கேக்குதல்ல. ஆனா ஒண்ணு, ஈக்கு மருந்தடிக்கோணும்."

"அடிக்கறனுங்க்கா."

"இந்த வாரமே."

கொட்டகைக்குள் குஞ்சுகள் தகரத் தடுப்பு வட்டங்களில் பிரிந்து நின்றன. முதல் கோழியை இறக்கியதும் அது ஒற்றைக் காலில் நின்று அந்த மஞ்சள் கூட்டத்தைத் திகைத்துப் பார்த்தது. பரமசிவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கே தாங்கல பாரு, இத்தனை பெத்தமான்னு."

வீட்டுச் சோளத்தைக் குருணையாக உடைத்துத் தரையில் போட்டிருந்தாள் கோகிலவாணி. கோழி சிறிது நேரம் இறகைச் சிலிர்த்துக்கொண்டிருந்தது. பிறகு குனிந்து, கொக் கொக் கொக் என்று அடித்தொண்டையில் கூப்பிட்டது. குஞ்சுகள் ஒரே ஓட்டமாக வந்தன. பிறந்ததிலிருந்து அந்தக் குரலை அவை கேட்டதில்லை, ஆனாலும் வந்தன. கோழி ஒரு குருணையை எடுத்துக் கீழே போட்டது. ஒரு குஞ்சு அதை எடுத்து, உதறித் துப்பியது. கோழி அதையே மறுபடி எடுத்துப் போட்டது. குஞ்சு மறுபடி துப்பியது. கோழிக்குச் சலிக்கவில்லை.

எத்தனையாவது தடவையோ, குஞ்சு துப்பவில்லை.

அதைப் பார்த்துப் பக்கத்தில் நின்றது கொத்தியது. அதைப் பார்த்து இன்னொன்று. சாயங்காலத்துக்குள் அந்த வட்டத்தில் பாதிக்குமேல் கழுத்துக்குக் கீழே இரைப்பை புடைத்துக்கொண்டு நின்றன. தின்னத் தெரிந்தவற்றைப் பிடித்து அடுத்த வட்டத்தில் விட்டாள். இனிக் கோழி போகாத இடத்துக்குக் குஞ்சுகளே போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான். ரோசம் எதற்கு என்று கேட்ட பரமசிவம், குஞ்சுகளைக் கூடை கூடையாக வட்டம் விட்டு வட்டம் சுமந்தான். ஜெயக்கொடி மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டே வந்து நின்றவள், கொஞ்ச நேரத்தில் சேலையை எடுத்துவிட்டாள்.

எல்லாம் பிழைக்கவில்லை. கற்றுக்கொள்ளாமலே துவண்டவை ஒரு கூடைக்குமேல் இருந்தன. அவற்றைத் தென்னை மரத்தடியில் தன் கையாலேயே புதைத்தாள்.

மறுநாள் சொன்னபடியே பொக்லைன் வந்தது. தருண் கொட்டகைக் கதவைத் திறந்தவன் அங்கேயே நின்றான். சோளம் சிந்திய தரையில் குஞ்சுகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு கொத்திக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு நாட்டுக்கோழி அவனைப் பார்த்துக் கழுத்தைச் சிலிர்த்தது.

"என்னங்க்கா பண்ணி வெச்சுருக்கீங்க? ஒப்பந்தம் ரத்தாயிருமுங்க."

"ஆகட்டுங்க."

"இனி ஒரு கம்பெனியும் உங்களுக்குக் குஞ்சு எறக்காது."

"தெரிஞ்சுதானுங்க பண்ணுனேன். எழுதிக்குங்க. கோகிலவாணி வேணும்னே கோழியை உள்ள உட்டான்னு எழுதுங்க. குழிமட்டும் எம்பட மண்ணுல எடுக்க உடமாட்டேன்."

அவன் எதையும் எழுதவில்லை. ஒரு குஞ்சைக் கையில் எடுத்து இரைப்பையை விரலால் தடவினான். உள்ளே சோளம் நெறுநெறுத்தது. விடாமல் தடவிக்கொண்டே இருந்தான்.

"ஏறுன முத்திரை மாறவே மாறாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க தம்பி. கோழி தின்னுச்சு. பாத்துட்டு இதுகளும் தின்னுதுக."

தருண் குஞ்சைக் கீழே விட்டான். வெளியே வந்து பொக்லைன்காரனிடம் ஏதோ சொல்லி அனுப்பினான். வண்டியின் சத்தம் ஓய்ந்ததும் அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, குஞ்சுக்கு மாதிரியே மனுசங்களுக்கும் ஒண்ணு வந்துச்சுங்க. தாய்க்கருவூட்டம்னு. வெளிய விக்கறதுக்கு முன்னாடி எங்க ஸ்டாப் வீட்டுக்கெல்லாம் இலவசமாக் குடுத்தாங்க. எம் பொண்டாட்டி மாசமா இருக்கறப்ப தெனமும் குடிச்சா. பாப்பா நல்ல எடையோடதான் பொறந்துச்சு. நான்கூடப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன்." அவன் கொட்டகைப் பக்கம் பார்த்தான். "ஒண்ணரை வயசாச்சு. அதே வாசனையில வர்ற கம்பெனிப் பவுடரைத் தவிர எதையும் வாயில வெக்கறதில்லீங்க்கா. இட்லியை வெச்சா இந்தக் குஞ்சுக மாதிரியே துப்பிட்டு உதட்டைத் தொடைச்சுக்குது. அடுத்த மாசம் பவுடர் புது முத்திரைக்கு மாறுதுங்க."

நாக்கு நுனிவரை வந்த கடுஞ்சொல்லை கோகிலவாணி அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

"நீங்க சாப்பிடறப்பப் புள்ள பக்கத்துல உக்காருமா?"

"இல்லீங்க. வேற வாசனை படக்கூடாதுன்னு டப்பாவுலயே போட்டிருக்குது. அவ தூங்குனப்புறந்தான் நாங்க சாப்பிடுவோம்."

"பொறந்ததுலருந்தா?"

அவன் தலையாட்டினான்.

"பொண்டாட்டிக்குப் போன் பண்ணுங்க. புள்ளையைத் தூக்கிட்டு இப்பவே வரச் சொல்லுங்க."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா..."

"எனக்கு நீங்க சொன்னதுதானே உங்களுக்கும் நடக்கும். தெரியட்டும்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள். பரமசிவம் எட்டிப் பார்த்து, எத்தனை பேருக்கு என்று கேட்டான்.

"எல்லாருக்குந்தான். ஜெயக்கொடி அக்காவையும் கூப்புடுங்க. ஒட்டுக்கா உக்காந்து அந்தப் புள்ளைக்கு முன்னாடி சாப்பிடோணும்."

குழந்தை வந்தது. கொழுகொழுவென்று, அம்மாவின் தோளை விடாமல் இருந்தது. நடுவில் பாயில் உட்கார வைத்தார்கள். யாரும் அதற்கு ஊட்டவில்லை, கெஞ்சவில்லை. இலைகளில் சோறும் பருப்பும் விழுந்தன. கோகிலவாணி கண்ணை மூடி ஒரு கணம் கும்பிட்டுவிட்டு, "சாப்பிடுங்க தம்பி," என்றாள்.

தருண் சோற்றைப் பிசைந்தான். யாராவது வந்து தடுத்துவிடுவார்களோ என்பது போல ஒரு முறை வாசலைப் பார்த்துவிட்டு, முதல் கவளத்தை வாயில் வைத்து மென்றான்.

குழந்தை கையிலிருந்த பொம்மையைக் கீழே போட்டுவிட்டு அவன் வாயையே பார்த்தது. அப்பாவின் வாய் பேசி மட்டுந்தான் அது பார்த்திருக்கிறது, மென்று பார்த்ததில்லை.