சத்தம் போடாத டிஜே பெட்டி

அந்த வீட்டில் பகல் முழுக்க எல்லோருக்கும் பூனை நடைதான். அப்பா இரவுப் பேருந்து ஓட்டுகிறவர், பகலில்தான் தூங்குவார். அழைப்பு மணிக்குள் பஞ்சு அடைத்திருந்தார்கள். நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறைகளை மாட்டியிருந்தார்கள். தும்மல் வந்தால்கூட மாடிப்படிக்கு ஓடிப்போய்த்தான் தும்ம வேண்டும்.

இப்படிப்பட்ட வீட்டில் அக்காவுக்கு டிஜே ஆக வேண்டும் என்று ஆசை!

அக்கா சும்மா ஆசைப்படவில்லை. ஓர் அட்டைப்பெட்டியின் மேல் இரண்டு டப்பா மூடிகளைப் பொருத்தி, அவற்றைத் திருகித் திருகியே பழகியிருந்தாள். ஒரு பாட்டு முடியும் முன்பே இன்னொரு பாட்டை அதே தாளத்தில் சேர்த்து முணுமுணுப்பாள். எங்கே ஒட்டினாள் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

தங்கையை வீட்டில் சுண்டெலி என்பார்கள். உருவமும் அப்படி, எதையும் துருவிப் பார்க்கும் குணமும் அப்படி. அவளுக்கு அக்காவை விட்டால் உலகத்தில் வேறு ஆளே கிடையாது.

குட்டிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அக்கா டிஜே பெட்டிக்குப் பணம் சேர்த்துவிட்டாள். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"வாங்கு, வேண்டாங்கல. ஆனா அதோட சத்தத்துல அப்பா ஒரு தடவை முழிச்சாலும், பெட்டி அன்னிக்கே கடைக்குத் திரும்பிப் போயிடும். ராத்திரி வண்டி ஓட்டுற மனுஷன்."

கடையில் கடைக்காரர் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கி வைத்தார். சிவப்பும் நீலமுமாய் விளக்குகள் ஓடின. அவர் பொத்தானைத் தட்டியதும் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

"பாத்துக்கம்மா! உன் பணத்துக்கு இவ்ளோ பெருசா எவனும் தரமாட்டான்."

அக்கா வாயைப் பிளந்தபடி பணப்பையைத் திறந்தாள்.

"அண்ணே, இதைச் சத்தமே இல்லாம எப்படி வாசிக்கிறது?" என்று கேட்டாள் சுண்டெலி.

கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சத்தமில்லாம டிஜேவா? தண்ணியில்லாம நீச்சல் கத்துக்கிற கதையா இருக்கே!"

"எங்கப்பா தூங்குவாரு அண்ணே." சுண்டெலி பெட்டியைச் சுற்றி வந்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், குனிந்து அடியிலும் பார்த்தாள். "இதுல ஹெட்போன் மாட்டுற ஓட்டையைக் காணோமே!"

"அதுக்கென்ன, பாட்டு ஓடுற லேப்டாப்புல மாட்டிக்கலாம்."

அக்காவின் முகம் மாறியது. "அதுல மாட்டினா ஓடிட்டிருக்கிற பாட்டுதான் கேக்கும். அடுத்த பாட்டை முன்னாடியே தனியா கேட்டாத்தானே ரெண்டையும் சேர்க்க முடியும்? இல்லேன்னா கண்ணைக் கட்டிட்டு ரோட்டைக் கடக்கிற மாதிரி."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அது சரிதான்... ஆனா அந்த மாதிரி புதுசு வேணும்னா விலை ஏறிடுமே."

அதற்குள் சுண்டெலி கீழ்த்தட்டில் தலையை நுழைத்திருந்தாள். "அப்போ இது?"

சின்னப் பெட்டி. யாரோ வாங்கிப் பழகிவிட்டு, கடையில் விற்றுவிட்டுப் போனது. மேலெல்லாம் கீறல். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகுக்குத் தொப்பி இல்லை. ஆனால் முன்பக்கத்தில் ஹெட்போன் ஓட்டை பளிச்சென்று தெரிந்தது.

"ஒரு லைட்டுகூட இல்லடி," என்று அக்கா முனகினாள்.

"லைட்டைக் காதுலயா மாட்டிக்கப் போறே? மிச்சப் பணத்துல நல்ல ஹெட்போனா வாங்கலாம்க்கா."

"சரி, வாசிச்சுப் பாரும்மா," என்றார் கடைக்காரர்.

அக்கா ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்து அழுத்தினாள். கடையில் ஒரு பாட்டு ஓடியது. அடுத்ததோ அவள் காதுக்குள் மட்டும். ஒரு விரல் பெட்டி மேலிருந்த வட்டத் தட்டைத் தொட்டு லேசாக நகர்த்தியது. இன்னொரு விரல் தொப்பியில்லாத திருகைத் திருப்பியது. பழைய பாட்டு விலக, புதிய பாட்டு உள்ளே வந்து நின்றது. தாளம் இம்மிகூடப் பிசகவில்லை.

கடைக்காரருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அடேங்கப்பா! யாரும்மா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"அட்டைப்பெட்டி!" என்றாள் சுண்டெலி பெருமையாக.

மறுநாள் மதியம் அம்மா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அக்கா தோளைக் குலுக்கி ஆடியபடி திருகுகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அறையிலோ ஒரு சத்தமும் இல்லை.

"ஐயோ பாவம், வாங்கின மறுநாளே ரிப்பேரா?" என்று கிசுகிசுத்தாள் அம்மா.

சுண்டெலி அக்காவிடம் ஓடினாள். ஹெட்போனை வாங்கி அம்மாவின் காதில் மாட்டிவிட்டாள்.

அம்மாவின் கண் விரிந்தது. தலை ஆடியது. இடுப்பில் செருகிய கரண்டியும் ஆடியது. காது அடைத்திருந்ததால் தன் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"யம்மாடி! என் பொண்ணு என்னமா வாசிக்கிறா!" என்று வீடு அதிரக் கத்தினாள்.

கட்டில் கிரீச்சிட்டது. அப்பா கண்ணைக் கசக்கியபடி வாசலில் வந்து நின்றார்.

அக்காவின் கை பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பெட்டி ஒண்ணும் பண்ணலைங்க. கடைக்குத் திருப்பி அனுப்புறதுன்னா என்னைத்தான் அனுப்பணும்."

அப்பா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கையை நீட்டினார்.

"முழிச்சது முழிச்சாச்சு. அதை இப்படிக் குடு. உங்கம்மா கத்துற அளவுக்கு என்னதான் இருக்குன்னு நானும் கேக்குறேன்."



சுண்டெலி அவருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, முன்ஜாக்கிரதையாக ஒரு கையால் அவர் வாயையும் பொத்திக்கொண்டாள்.